சதுப்பைக் காக்கும் ஒரு கிலோமீட்டர்

சதுப்பு நிலத்தைப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு, அங்கே போட்டிருக்கும் மரப்பாதை வெறும் வசதியாகத்தான் படும். சேற்றில் கால் புதையாது, செருப்பு நனையாது, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்தே உள்ளே கொண்டுபோகலாம். அதனால்தான், நல்ல படம் கிடைக்குமென்றால் பாதையை விட்டு இரண்டடி இறங்கி நிற்பது யாருக்கும் பெரிய தப்பாகத் தெரிவதில்லை. கேம்பிங் போகும் இடத்திலும் இதே மனக்கணக்குதான். எண் போட்ட இடம் நெருக்கமாக இருந்தால், சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் கூடாரம் அடித்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். நஷ்டம் உண்டு, அது நாம் நினைப்பதைவிடப் பெரியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மரப்பாதையும் எண் போட்ட கூடார இடமும் வருகிறவருக்குச் செய்த உபசாரமாகத் தெரிந்தாலும், அந்த நிலத்துக்குப் போட்ட காவல் அவை. பல இடங்களில் வேலியைவிட நன்றாக வேலை செய்யும் காவல். இதை விளக்க, நூறாண்டுக்கும் மேலாக மனிதக் கால்களைச் சுமந்து பாடம் படித்த ஒரு பூங்காவை எடுத்துக்கொள்ளலாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஈரீ ஏரிக்குள் ஈட்டிமுனைபோல் நீண்டு இறங்கும் மணல்திட்டு ஒன்று இருக்கிறது. அதுதான் பாயின்ட் பீலி தேசியப் பூங்கா. கனடா பெருநிலத்தின் தென்கோடி முனை இது; வட கலிஃபோர்னியாவின் அட்சரேகையிலேயே இருக்கிறது. டொரன்டோவிலிருந்து நான்கு மணி நேரக் கார்ப் பயணம். பரப்பளவு வெறும் 15 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, சம்பங்கோரை மண்டிய சதுப்பு. இளவேனிலில் தெற்கிலிருந்து இரவோடிரவாக ஏரியைக் கடந்து வரும் சிறு பறவைகளுக்கு முதலில் கண்ணில் படும் தரை இதுதான். அதனால் மே மாதத்தில் வார்ப்ளர் என்னும் சின்னஞ்சிறு பறவைகள் களைத்துப்போய் இங்கே கூட்டங்கூட்டமாக இறங்கும். செப்டம்பரில் மெக்சிகோவுக்குப் புறப்படும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் இதே முனையில் திரண்டு, காற்று சாதகமாகும்வரை காத்திருக்கும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 1987இல் ராம்சார் பட்டியலில் இது சேர்ந்தது. தென் ஒன்டாரியோவில் ஐரோப்பியர் குடியேறுவதற்குமுன் இருந்த ஈரநிலங்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் அழிந்துவிட்டன. பாயின்ட் பீலி சதுப்பின் வடபகுதியே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடிக்கப்பட்டு விளைநிலமானது. எனவே மிஞ்சியிருப்பது சிறியது என்பதை மறந்துவிட்டு எதையும் பேச முடியாது.

1918இல் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது, கனடாவுக்கே அது புதிய சிந்தனை. அதற்கு முந்தைய பூங்காக்களில் பலவும் பனிமலைக்கும் வெந்நீர் ஊற்றுக்கும் சுற்றுலாவுக்கும் பேர் பெற்றவை. இதுவோ உயிரினங்களின் மதிப்புக்காகவே உருவானது. பறவை ஆர்வலர்கள் வற்புறுத்தினார்கள், வேட்டைக்காரர்களும் ஆதரித்தார்கள். அதற்கு ஈடாக வாத்து வேட்டை நீடித்து, 1989இல்தான் முற்றுப்பெற்றது. ஆனால் அறிவிப்பு வந்ததும் நிலம் காப்பாற்றப்பட்டுவிடவில்லை. உள்ளே தனியார் கோடைவீடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன, பழத்தோட்டங்கள் இருந்தன, கார்கள் விருப்பம்போல் ஓடின. 1960களின் முற்பாதியில் ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த 15 சதுர கிலோமீட்டருக்குள் வந்துபோனார்கள். வருகிறவர்களைக் கொசு கடிக்கக் கூடாதென்றும் பழமரங்களைப் பூச்சி அரிக்கக் கூடாதென்றும் 1940களின் கடைசியிலிருந்து சுமார் இருபது ஆண்டுகள் டிடிடி தெளிக்கப்பட்டது. அந்த நஞ்சு பல பத்தாண்டுகள் கழித்தும் பூங்காவின் மண்ணில் தங்கியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இங்கிருந்த தவளை இனங்கள் பல மறைந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. சட்டப் பாதுகாப்பு முழுமையாக இருந்த காலத்திலேயே, பார்வையாளரின் சௌகரியம் என்ற பெயரில் இவ்வளவும் நடந்தது.

பெரிய அழிவுகளை விட்டுவிட்டுச் சின்ன விஷயம் ஒன்றைப் பார்ப்போம். ஒன்டாரியோவில் வாழும் ஒரே பல்லியினம் ஐந்து வரி கொண்ட ஓர் அரணை. பாயின்ட் பீலியில் அது கரையொதுங்கிய மரத்துண்டுகளுக்கும் விழுந்த கட்டைகளுக்கும் அடியில் வாழ்கிறது. முட்டையையும் அங்கேயே இட்டுக் காக்கிறது. ஸ்டீபன் ஹெக்னார், ராபர்ட் மெக்ளாஸ்கி என்னும் இரு ஆய்வாளர்கள் 1990களின் முற்பாதியில் ஆண்டுதோறும் இவற்றை எண்ணிவந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் எண்ணிக்கை பல மடங்கு சரிந்தது. மனித நடமாட்டம் மிகுந்த இடங்களில்தான் சரிவு அதிகம். யாரும் அரணைகளைக் கொல்ல வரவில்லை. ஏரிக்கரை சுத்தமாகத் தெரியவேண்டுமென்று கட்டைகள் அகற்றப்பட்டன. குளிர்காயத் தீமூட்ட எடுத்துப்போனார்கள். அடியில் என்ன இருக்கிறதென்று ஆர்வத்தில் புரட்டிப் போட்டார்கள். சிலர் பிடித்தும் சென்றார்கள். பிறகு ஆய்வாளர்கள் கட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து போட்டபோது அரணைகள் மீண்டும் பெருகின. இங்கே கவனிக்கவேண்டியது, கெடுதல் செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பது. இயற்கையை நேசித்து வந்தவர்கள், பாதை விலகி, ஆளுக்கொரு கட்டையைப் புரட்டியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிடுவதைவிட, கால் எங்கே போகலாம் என்பதை வரையறுப்பது பயனுள்ளது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் கூட்டத்தை ஓரிடத்தில் குவிப்பதைவிடப் பரவலாக விடுவதுதானே நியாயம்? பத்தாயிரம் பேர் ஒரே கோட்டில் நடந்தால் அந்தக் கோடு செத்துவிடும். நாலாபக்கமும் பிரிந்து நடந்தால் சுமை பகிரப்படும் அல்லவா? கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தக் கணக்கைக் காலடி ஆய்வுகள் தவறென்று காட்டியிருக்கின்றன. அமெரிக்க வனத்துறையின் டேவிட் கோல் போன்றவர்கள் பல வகைச் செடித்தரைகளில் அளந்து அளந்து மிதித்துப் பார்த்தார்கள். சேதம் காலடிக்குக் காலடி ஒரே சீராகக் கூடவில்லை. முதல் சில காலடிகளே பெரும் சேதத்தைச் செய்துவிடுகின்றன. அதன்பின் வருகிற ஆயிரமாவது காலடி கூடுதலாகச் செய்வது கொஞ்சம்தான். ஒன்டாரியோ, மினசோட்டா எல்லையிலுள்ள குவெட்டிகோ படகுப் பகுதியின் கூடார இடங்களைப் பற்றி 1965இல் ஃப்ரிஸ்செல், டங்கன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. எப்போதோ ஒருமுறை ஆள் தங்கிய இடங்களில்கூடத் தரைச்செடிகளின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. புத்தம்புதிதாக ஓர் இடத்தைத் தேடிக் கூடாரம் அடிப்பவர் சுமையைப் பகிரவில்லை. இன்னோர் இடத்தைக் கெடுக்கிறார். ஏற்கெனவே கெட்ட இடத்திலேயே தங்குகிறவர் ஏறக்குறைய எதையும் புதிதாகக் கெடுப்பதில்லை. உலகெங்கும் பூங்காக்கள் எண் போட்ட இடங்களில் தங்கச் சொல்வதற்கு அடிப்படை இதுதான்.

சதுப்பில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. காய்ந்த தரையில் அழுந்திய புல் மழைக்குப் பின் ஓரளவு எழுந்துகொள்ளும். நீரில் ஊறிய தரை அப்படியல்ல. கால் பட்ட இடம் குழியாகி, வேர் அறுந்து, சேறு கலங்கி, அடுத்து வருகிறவர் அந்தக் குழியைத் தவிர்க்கப் பக்கத்தில் கால் வைக்க, பாதை அகன்றுகொண்டே போகும். ஒன்டாரியோவிலேயே 1893இல் அமைந்த அல்கோன்குவின் பூங்காவில் 1.5 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்ப்ரூஸ் சதுப்புப் பாதை இருக்கிறது. அங்கே காலடியில் இருப்பது மண்ணல்ல. மக்காத பாசி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுகூடச் சேராமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்த மெத்தை. அதில் விழும் ஒரு பள்ளத்தை நிரப்ப ஒரு மனித ஆயுள் போதாது. பாயின்ட் பீலியின் மரப்பாதையோ சுமார் ஒரு கிலோமீட்டர் வளையம். தொடக்கத்திலேயே ஒரு பார்வைக் கோபுரமும் உண்டு. பாதையின் அகலத்தை 2 மீட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், அது மூடும் பரப்பு 2,000 சதுர மீட்டர், அதாவது அரை ஏக்கர். சதுப்பு ஏறத்தாழ 1,000 ஹெக்டேர். ஐயாயிரத்தில் ஒரு பங்கை மனிதர்களுக்குக் கொடுத்து மீதியைச் சதுப்புக்கே விட்டுவிட்ட ஒப்பந்தம் இது. இதைவிட மலிவாக ஒரு நிலத்தைப் பொதுமக்களுக்குக் காட்டவும் முடியாது, காக்கவும் முடியாது.

செடிக்குச் சரி, விலங்குக்கும் பறவைக்கும் இது பொருந்துமா? பொருந்துகிறது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் பகுதியில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், மனிதர்கள் பாதையிலேயே நடந்தபோதும் பாதை விலகி நடந்தபோதும் பறவைகளும் மான்களும் எவ்வளவு தொலைவில் மிரள்கின்றன என்று அளந்தார்கள். பாதையில் வருகிறவரை அவை அதிகம் பொருட்படுத்தவில்லை. விலகி வருகிறவரைக் கண்டால் வெகுதொலைவிலேயே ஓடின. நாயுடன் வருகிறவரைக் கண்ட மான்களின் மிரட்சி இன்னும் கூடியது. எப்போதும் ஒரே கோட்டில் வந்து ஒரே கோட்டில் போகிற உருவம் ஆபத்தில்லை என்று விலங்கு கற்றுக்கொள்கிறது. எங்கிருந்து முளைக்கும் என்று தெரியாத உருவம்தான் வேட்டையாடி. நாயைக் கயிற்றில் பிடித்துப் போகச் சொல்லும் விதியும் இதோடு சேர்ந்ததே. பாதையை மதிக்கிறவருக்கு இதில் நேரடி லாபமும் உண்டு. ஆமை கட்டையில் ஏறி வெயில் காய்வதையும் கொக்கு மீனுக்காகக் காத்து நிற்பதையும் பார்க்க முடிவது, அவற்றின் கணக்கில் நாம் எங்கே நிற்போம் என்பது முன்பே முடிவாகியிருப்பதால்தான்.

கூடாரத் திடலுக்கு வந்தால், கோடு தரையில் மட்டும் போடப்படுவதில்லை. உணவுக்கும் விறகுக்கும் சேர்த்தே போடப்படுகிறது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற ஆஷ் துளைப்பான் வண்டு, 2002இல் டெட்ராய்ட், விண்ட்சர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. பாயின்ட் பீலி இருக்கும் அதே வட்டாரம் அது. பட்டைக்கு அடியில் புழுவாக இருக்கும் இந்த வண்டு தானாகப் பறந்தால் சில கிலோமீட்டர்தான் போகும். ஆனால் கேம்பிங் போகிறவர் காரில் ஏற்றிய விறகுக்கட்டைக்குள் இருந்தபடி ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விட்டது. வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. விறகை எரிக்கும் இடத்திலேயே வாங்குங்கள் என்று ஒவ்வொரு திடலிலும் எழுதிவைத்திருப்பது விறகு விற்பதற்கான தந்திரம் இல்லை. உணவுக்கும் இதே நியாயம். எச்சிலும் மீந்த இறைச்சியும் கிடைக்கும் இடத்தில் ரக்கூன்கள் பெருகும். அவையே ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்பவை. பாயின்ட் பீலி ஆமைகளைப் பற்றி 1970களிலும் 2000களின் தொடக்கத்திலும் எடுத்த கணக்குகளை ஒப்பிட்டு 2007இல் ஓர் ஆய்வு வந்தது. வாழிடம் பாதுகாக்கப்பட்டும் ஆமைக் கூட்டம் கிழடுதட்டிக்கொண்டிருந்தது. முட்டைகள் பொரிவதற்குமுன்பே சூறையாடப்பட்டன. அல்கோன்குவினின் உட்காட்டில் தகரடப்பாவுக்கும் கண்ணாடிப் புட்டிக்கும் தடை இருப்பதும், ஓர் இடத்தில் 9 பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பதும், கரடிக்கு எட்டாமல் உணவைக் கட்டித் தொங்கவிடச் சொல்வதும் இந்த வரிசையில் வருபவை. பாயின்ட் பீலியிலேயே இன்று ஹென்றி முகாமில், தரைக்கு மேலே மரத்தளம் போட்டு அறையும் கூடாரமும் கலந்தாற்போல் கட்டிய இருப்பிடங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. தங்குகிறவருக்கும் ஒரு மரப்பாதை போட்டாற்போலத்தான் அது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது, மரப்பாதையே ஒரு கெடுதல் என்பது. நியாயமான குற்றச்சாட்டுதான். பலகைக்கு அடியில் வெயில் படாமல் செடி வெளிறுகிறது. தூண் நட்ட இடத்தில் தரை குலைகிறது. மரம் மக்காமலிருக்க முன்பு ஏற்றிய ஆர்செனிக் கலந்த வேதிப்பொருள் நீரில் கசியக்கூடியது. இதற்கெல்லாம் பொறியியலில் விடை இருக்கிறது. பலகைகளுக்கிடையே இடைவெளி விடலாம், பாதையைக் குறுக்கி உயர்த்தலாம், நஞ்சேற்றாத மரத்தையோ மறுசுழற்சிப் பொருளையோ பயன்படுத்தலாம். அத்தனைக்குப் பிறகும் ஏதோ ஒரு கெடுதல் மிஞ்சும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒப்பிடவேண்டியது மரப்பாதையுள்ள சதுப்பையும் மனிதர் கால்படாத சதுப்பையும் அல்ல. சாலைக்குப் பக்கத்தில், நகரத்துக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் சதுப்புக்கு மனிதர்கள் வரத்தான் செய்வார்கள். அரை ஏக்கர் திட்டமிட்ட சேதமா, எல்லை தெரியாமல் பரவும் சேதமா என்பதே நிஜமான தேர்வு.

இரண்டாவது, இது இயற்கையையே பொம்மையாக்குகிறது என்ற வருத்தம். பலகையில் நடந்து, கைப்பிடியைப் பிடித்து, விளக்கப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்புவது காட்டை அறிவதாகுமா? நூறு சதுர கிலோமீட்டருக்கு ஓர் ஆள் என்ற கணக்கில் காடு இருந்த காலத்தில் எழுந்த கேள்வி இது. நூற்றில் எழுபது ஈரநிலங்களை அழித்தபின் மிஞ்சியதில் நின்றுகொண்டு, தன்னிஷ்டப்படி அலையும் உரிமையை எல்லோருக்கும் கேட்க முடியாது. ஒருவருக்கு மட்டும் கேட்டால் அது சலுகை. அதோடு, மரப்பாதை சிலருடைய சுதந்திரத்தைச் சுருக்குகிறது என்றால் வேறு பலருடையதை விரிக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவர், முழங்கால் வலியுள்ள முதியவர், கைக்குழந்தைக்காரர் எல்லோருக்கும் சதுப்பின் நடுப்பகுதி எட்டுவது அந்தப் பலகையால்தான். இன்னும் உள்ளே போக விரும்புகிறவருக்குப் பாயின்ட் பீலியில் துடுப்புப்படகும் இருக்கிறது. நீர் காலடியைச் சேமித்துவைப்பதில்லை.

மூன்றாவது தரப்பு நேர்எதிராகப் பேசுகிறது. மனிதர்களால் இவ்வளவு கெடுதல் என்றால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதானே? சில இடங்களுக்கு, சில மாதங்களுக்கு அது சரியான விடையே. பறவை கூடுகட்டும் காலத்தில் பகுதிகளை மூடுவது உலக வழக்கம். ஆனால் முழுக்கச் சாத்தினால் சதுப்பைக் கெடுக்கும் முக்கியச் சக்திகள் நின்றுவிடாது. பாயின்ட் பீலி சதுப்பை இன்று நெரிப்பது அயலிலிருந்து வந்த நாணல் இனம். கிழக்குக் கரையின் மணல்அணையை ஏரி அரிப்பது. சுற்றுவட்டார வயல்களின் உரம் நீரில் கலப்பது. இவை கதவு வழியாக வருவதில்லை. இவற்றைச் சரிசெய்யப் பணமும் அரசியல் உறுதியும் வேண்டும்; அவை, அந்த இடத்தைக் கண்ணால் பார்த்த மக்கள் கேட்டால்தான் கிடைக்கும். 1918இல் பூங்கா பிறந்ததே அங்கே அலைந்து பறவை பார்த்தவர்களின் வற்புறுத்தலால்தான். பார்வையாளர் கூட்டம் பூங்காவைச் சிதைத்ததும் உண்மை, பார்வையாளரே அதைத் தோற்றுவித்ததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நின்று முரண்பாட்டைத் தீர்க்கும் கருவி அந்தக் குறுகிய கோடு.

நான்காவது கேள்வி மற்றவற்றைவிடக் கனமானது. யார் போட்ட கோடு, யாரை வெளியே நிறுத்துகிறது? பாயின்ட் பீலி யாருமற்ற காடாக இருந்ததில்லை. கால்ட்வெல் முதற்குடி மக்களின் மூதாதையர் அங்கே வாழ்ந்தார்கள். தம் நிலத்தை இழந்த அவர்களுக்கு ஒதுக்கீட்டு நிலம் என்ற அங்கீகாரம் 2020இல்தான் கிடைத்தது. ஆகவே விதிகளை வகுக்கும் மேசையில் அவர்களுக்கு இடமிருப்பது நீதியின் குறைந்தபட்சம். புதிதாக வந்து குடியேறியவர்களின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பூங்கா விதிகள் பலவும் இரண்டு பேர், ஒரு கூடாரம், அமைதி என்ற ஒரே மாதிரி உல்லாசத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மூன்று தலைமுறையும் சேர்ந்து, பெரிய சட்டியில் சமைத்து, பகல் முழுக்க உட்கார்ந்து பேசும் குடும்பங்களுக்கு அவை முகம்சுளிப்பாகத் தெரியலாம். பெரிய குழுக்களுக்கான திடல், கூரைபோட்ட சமையலிடம், கட்டணக் குறைப்பு, பேருந்து வசதி ஆகியவற்றைக் கேட்பது முழு நியாயம். தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகளை ஒட்டி 2015இல் அமைந்த ரூஜ் தேசிய நகரப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது; நகரப் பேருந்தும் போகிறது; அதன் கழிமுகத்தில் ஒரு சதுப்பு, உள்ளே ஒரு கூடாரத் திடல். வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் எத்தனை பேர் உட்காரலாம் என்பதுதான் பேச்சுவார்த்தைக்கு உரியது; கால் எங்கே படலாம் என்பது அல்ல. எந்தப் பண்பாட்டுக்காரர் மிதித்தாலும் சேறு ஒரே மாதிரிதான் கலங்கும்.

எனவே ஒரு பூங்காவை மதிப்பிட ஆண்டுக்கு எத்தனை லட்சம் பேர் வந்தார்கள் என்ற கணக்கு போதாது. எத்தனை காவலர் இருக்கிறார்கள் என்பதும் போதாது. வந்தவர்களின் காலடி மொத்தப் பரப்பில் எத்தனை பங்கில் விழுந்தது என்று கேட்க வேண்டும். பாயின்ட் பீலி கோடைவீடுகளை வாங்கி இடித்து, முனைக்குக் கார் போவதை நிறுத்திப் பொது வண்டி விட்டு, கூட்டத்தைச் சில கோடுகளுக்குள் கொண்டுவந்த பிறகுதான் தன் பெயருக்கு ஏற்ற பூங்காவாக மாறத் தொடங்கியது. இனி எந்த ஈரநிலத்தைத் திறந்துவிடும் திட்டம் வந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது உணவகமோ செல்ஃபி மேடையோ அல்ல. பாதை எவ்வளவு குறுகியது, அது எங்கே முடிகிறது என்பதைத்தான். போகிறவர்கள் செய்யவேண்டியதும் அதிகமில்லை. பலகையை விட்டு இறங்காதிருப்பது, ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் கூடாரம் அடிப்பது, விறகை அங்கேயே வாங்குவது, உணவைப் பூட்டிவைப்பது, கட்டையைப் புரட்டாதிருப்பது. இவற்றை நாகரிகம் என்று சொல்லி ஏற்றிப்போற்றத் தேவையில்லை. பூங்காவைப் பராமரிக்கும் வேலையில் பெரும்பகுதியை வருகிறவர்கள்தான் செய்கிறார்கள். நுழைவுச் சீட்டின் விலையில் அந்த வேலையும் அடக்கம்.